சின்னஞ்சிறு வீடுகளின் யன்னல்கள்



போரை விளையாட்டாக ஆடுதல் நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. சதுரங்கம் என்னும் பெயரே யானை, குதிரை, தேர், காலாள் ஆகிய நால்வகைச் சேனையைக் குறிப்பதாகும். ஆயினும் சதுரங்கப் பலகையில் ஆறு இல்லை; மலை இல்லை; ஊர் இல்லை. 64 கட்டங்களும் ஒரே தன்மையன. உண்மைப் போரிலோ வெற்றியையும் தோல்வியையும் பல வேளைகளில் முடிவு செய்வன அந்த ஆறும் மலையும் ஊருமே. இக்குறையை நீக்க முயன்றவர்களுள் ஒருவர் பிரசிய நாட்டு ரைஸ்விட்ஸ் பிரபு. 1812ஆம் ஆண்டில் அவர் தம் அரசருக்கு ஒரு மேசையைச் செய்து காட்டினார். நிறந்தீட்டிய சாந்துக் கட்டைகளை அதன்மீது மாற்றி மாற்றி அடுக்கி, வேண்டிய நிலப்பரப்பை வேண்டியவாறு உண்டாக்கிக் கொள்ளலாம். அவருடைய மைந்தர் 1824இல் அதனைத் திருத்தித் தேசப்படத்தின்மேல் ஆடும் முறையாக்கினார். பிரசியப் படை அதிகாரிகள் அதனைப் பயிற்சியாகவே மேற்கொண்டனர்.

படைவீட்டில் இருந்த இந்த ஆட்டத்தை வீட்டுக் கூடத்திற்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். காலத்தைக் கடந்து செல்லும் இயந்திரத்தைக் கற்பனை செய்த அதே வெல்ஸ்தான். 1913இல் அவர் ‘சிறு போர்கள்’ என்று ஒரு நூல் வெளியிட்டார். ஈயப் பொம்மைப் போர்வீரர்களைத் தரையில் நிறுத்தி, சுருள்வில் பொருத்திய சிறு பீரங்கியால் மரக்குச்சிகளை எறிந்து வீழ்த்துவது அவர் வகுத்த ஆட்டம். உண்மைப் போரைவிட இச்சிறு போர் எத்துணை மேலானது என்று அந்நூலின் முடிவில் அவர் வாதிட்டிருக்கிறார். அடுத்த ஆண்டிலேயே முதலாம் உலகப் போர் மூண்டது.

வெல்ஸின் விதிகளுள் ஒன்று நம் பேச்சிற்கு வேண்டியது. வீடுகளை உள்ளே வெறுமையாக விடலாகாது, கட்டைகளால் நிரப்பிக் கெட்டியாக்கிவிட வேண்டும் என்கிறார் அவர். வீட்டினுள் வீரர்களை வைக்க இடங்கொடுத்தால், அவர்கள் சுடப்பட்டனரா இல்லையா என்று ஓயாத வழக்கு உண்டாகுமாம். ஆகவே அவருடைய வீடுகளுக்கு உட்புறம் என்பதே இல்லை. உட்புறம் இல்லாத வீட்டிற்கு யன்னல் எங்கிருந்து வரும்? தூரிகையிலிருந்துதான் வரவேண்டும்.

இன்று மேசைமேற் போர் ஆடுவோர் உலகின் பல நாடுகளில் இருக்கின்றனர். அவர்களுடைய விதிகளைப் பற்றி விரித்துப் பேச நான் வரவில்லை. அந்த ஆட்டத்திற்காகச் செய்யப்படும் சிறு வீடுகளைப் பற்றியும், சிறப்பாக அவ்வீடுகளின் யன்னல்களுக்கு நிறந்தீட்டும் வகையைப் பற்றியுமே சொல்லவிருக்கிறேன். நவராத்திரிக் கொலுவின் அடிப்படியில் மணல் பரப்பி, கடுகு முளைக்க வைத்து, அட்டை வீடுகளும் கண்ணாடித் துண்டுக் குளமுமாக ஓர் ஊரை அமைத்த கைகளுக்கு இது அந்நியமான வேலையன்று. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கொலுவில் உள்ள ஊர் எந்த ஊராகவும் இருக்கலாம். போர் மேசையில் உள்ள ஊர் இன்ன நாட்டில் இன்ன ஆண்டில் இருந்த இன்ன ஊர் என்று சொல்லப்படுவது. ஆதலால் அது பொய் சொல்லக்கூடும்.

நாம் இன்று கண்டி மாநகரை எடுத்துக்கொள்வோம். அதுவும் 1803ஆம் ஆண்டுக் கண்டியை.

அதற்கு முன் யன்னல் என்ற சொல்லையே ஒருமுறை திறந்து பார்ப்போம். நம் முன்னோர் இதற்கு இட்ட பெயர்கள் அழகியவை. காலதர் என்றனர், கால் என்பது காற்று, அதர் என்பது வழி. பலகணி என்றனர், பல கண்களை உடையது. ஒன்று காற்றை நினைக்கிறது. மற்றொன்று பார்வையை நினைக்கிறது. கண்ணாடியை நினைத்த பெயர் எதுவுமில்லை, ஏனெனில் அக்காலத்துச் சாளரங்களிற் கண்ணாடி இருந்ததில்லை. இன்று நாம் வழங்கும் யன்னல், சன்னல் என்பவை போர்த்துக்கேயரின் ‘ஜனெலா’விலிருந்து வந்தவை. சிங்கள மக்கள் ‘ஜனேலய’ என்பதும் அதுவே. கண்டிக்குத் தீயிட்ட படைகளுள் ஒன்றைக் கொண்டுவந்தவர்களும் அப்போர்த்துக்கேயரே. அதைப் பிறகு சொல்கிறேன்.

இனிக் கைவேலை. சிறு வீட்டிற்கு நிறந்தீட்டத் தொடங்குவோர் பெரும்பாலும் முதலிற் செய்வது யன்னலுக்கு நீலம் பூசுவது. குழந்தைகளின் சித்திரங்களில் யன்னல்கள் நீலமாக இருப்பது இதற்குக் காரணம் போலும். ஆனால் நண்பகலில் உங்கள் வீட்டு முற்றத்தில் இறங்கி நின்று யன்னலைப் பாருங்கள். அது கறுத்திருக்கும். வெளியே பரந்த வெயிலொளி அறையினுள் உள்ள ஒளியைப்போல் நூறு மடங்கிற்கும் மேற்பட்டது. வெயிலுக்கு ஏற்பச் சுருங்கிய கண்மணிக்கு உள்ளே இருக்கும் கட்டிலும் அலுமாரியும் புலப்படுவதில்லை. இருள் ஒன்றே தெரிகிறது. சுவரின் வெண்மையும் அந்த இருளும் அடுத்தடுத்து நிற்பதனாலேதான் தொலைவிலிருந்தும் ஒரு கட்டடத்தை வீடு என்று நாம் அறிகிறோம்.

ஆகவே யன்னலின் அடிப்படை நிறம் இருளே. எனினும் புட்டியிலுள்ள கறுப்பை அப்படியே பூசிவிடலாகாது. இன்று பெரிதும் வழங்கும் பொம்மை வீரர்கள் 28 மில்லிமீற்றர் உயரமுடையவர்கள். உண்மை மனிதனில் ஏறத்தாழ 56இல் ஒரு பங்கு. மேசையிலிருந்து மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவர், கணக்கின்படி 168 அடி தொலைவில் நிற்பவராவார். அத்தொலைவில் எந்த நிறமும் தன் முழு வன்மையோடு தெரியாது; இடையிலுள்ள காற்று அதனைச் சற்றே வெளுக்கச் செய்கிறது. கறுப்போடு சிறிது நீலமும் சிறிது சாம்பலும் கலந்த கலவையே யன்னலுக்கு உகந்தது. சுவருக்கும் இவ்விதி பொருந்தும். உண்மைச் சுவரின் நிறத்தை அப்படியே பெயர்த்துப் பூசினால் சிறு வீடு இருண்டு களையிழந்து போகும். ஒரு சொட்டு வெள்ளை கலந்தாற் சரியாகும்.

வரிசையும் முக்கியமானது. உள்ளிருந்து வெளியே வரவேண்டும். முதலில் யன்னற்குழியை இருளாக்குக. அடுத்து, சுவரைத் தீட்டுக. சட்டத்தை இறுதியில் தீட்டுக. சட்டத்தை முதலில் வெகு நேர்த்தியாக வரைந்துவிட்டுப் பின்னர் உள்ளே கறுப்பு நிரப்ப முற்படுவோர், வரைந்ததை அழித்து மீண்டும் வரைவதிற் பொழுதைப் போக்குவர். ஓரங்குலக் கம்பி இந்த அளவிற்கு வரும்போது அரை மில்லிமீற்றருங்கூட ஆகாது. எத்துணை நுண்ணிய தூரிகையாலும் அதனை அவ்வாறே எழுதுதல் அரிது. இருமடங்கு தடித்தாலும் கேடில்லை. கோணலாகாமல் இருந்தாற் போதும். கோணலைக் கண் மன்னிப்பதில்லை, தடிப்பை மன்னித்துவிடுகிறது.

கண்ணாடி பொருத்திய யன்னலாயின் இன்னொரு நுட்பம் உண்டு. கண்ணாடி எதிரொளிக்கும் பொருள். எதனை எதிரொளிக்கும்? தெருவில் நின்று மாடியை அண்ணாந்து பார்ப்பவனுக்கு வானத்தைக் காட்டும். உயரத்திலிருந்து குனிந்து பார்ப்பவனுக்கு நிலத்தைக் காட்டும். மேசைப் போராடுவோர் எல்லாரும் குனிந்து பார்ப்பவர்களே. ஆயினும் யன்னல்தோறும் வானத்து வெள்ளைக் கீற்றைச் சாய்வாக வரைவது வழக்கமாகிவிட்டது. சாய்ந்த வெள்ளைக் கீற்று சித்திரக்கதை ஏடுகளிலிருந்து வந்த பழக்கம் என்று நினைக்கிறேன். இருளின் அடிப்பாகத்தில் மங்கிய பச்சையோ மண்ணிறமோ சிறிது தோய்த்து, அதன்மேற் பளபளக்கும் வார்னிஷ் ஒருகை பூசிவிட்டால், அறையிலுள்ள விளக்கே மிகுதியைச் செய்துகொள்ளும். தேவாலயத்து வண்ணக் கண்ணாடிகளைச் செம்மையும் மஞ்சளுமாகத் தீட்டுவதும் இத்தகைய தவறே. அவ்வண்ணங்கள் உள்ளே இருப்பவர்களுக்கு உரியவை. பகற்பொழுதில் வெளியே நிற்பவனுக்கு அவை ஈயநிறமாகவே தோன்றும். கண்டியிலுள்ள செங்கற் கட்டடமாகிய புனித பவுல் ஆலயத்தை வெளியே நின்று பார்த்தால் இது விளங்கும்.

ஆனால் அந்த ஆலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. நாம் அமைக்க எண்ணிய 1803ஆம் ஆண்டு மேசையில் அதற்கு இடமில்லை. எதற்கெல்லாம் இடமில்லை என்று கணக்கெடுப்பதே இம்மேசையின் முதற்பெரும் வேலை. கண்டி என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது அந்த ஏரி. அதுவும் இல்லை! ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் அதனை வெட்டுவித்தது இதற்குப் பின்னர்தான். 1803இல் அங்கே வயல் இருந்தது. ஏரிக்கரையின் முகில்மதிலும் ஏரியோடு போகிறது. தட்டையான கள்ளிக்கோட்டை ஓட்டை அச்சிட்ட அட்டைகள் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன; அவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். மங்களூரில் அவ்வோட்டுத் தொழிற்சாலையைப் பாசல் மிஷன் நிறுவியதே 1865இல்.

அப்படியாயின் எஞ்சி இருப்பவை யாவை? 1660 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி அரசிற் சிறைப்பட்டிருந்த ஆங்கில மாலுமி இராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலிற் குடிமக்களின் வீடுகளை விவரித்திருக்கிறார். கம்பு நட்டு மண் அப்பி மெழுகிய சுவர்; வைக்கோற் கூரை; ஒரே தளம். அதற்கு மேல் எழுப்ப அவர்களுக்கு உரிமை இல்லை. ஓடு போட உரிமை இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் உரிமை இல்லை. வெண்களிமண் ஒன்று கிடைக்கும். அதனைச் சிலவேளை பூசிக்கொள்வர். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின் கண்டிக்கு வந்த இராணுவ வைத்தியர் ஜோன் டேவி 1821இல் எழுதுவதும் பெரிதும் மாறுபடவில்லை. தெருவின் மட்டத்திற்கு மேலே உயர்ந்த மண்மேடையின்மீது ஒரே தளமுடைய மண்வீடுகள். பிரதானிகளின் இல்லங்களுக்கு மாத்திரம் ஓடு.

தூரிகை பிடிப்பவர்க்கு இதைவிடத் தெளிவான கட்டளை வேண்டியதில்லை. மேசைமீது வெள்ளை நிறம் என்பது அலங்காரமன்று, அதிகாரம். அரண்மனைக்கும் விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் வெண்மை, மக்களுக்கு மண்ணிறம். மண்ணின் நிறத்தைத் தேடி அலையவும் வேண்டாம். கண்டிச் சுற்றுப்புறத்து மலைவெட்டுகளில் தெரியும் செம்மண்ணைச் சிறிது அள்ளி உலர்த்தி, துணியிற் சலித்து, பசையோடு குழைத்துச் சுவரிற் பூசினால் எந்தக் கம்பனியின் புட்டியும் அதற்கு ஈடாகாது. உலர்ந்தபின் இன்னும் வெளிறிய மண்ணிறத்தைத் தூரிகையில் தொட்டு, துணியிற் பெரும்பாலும் துடைத்துவிட்டு, சுவரின் மேடுபள்ளங்களில் மேடுகளை மாத்திரம் வருடிச் செல்லுங்கள்.

யன்னல்? அத்தகைய மண்வீட்டில் யன்னல் பெரியதாய் இருக்க இயலாது. மண்சுவர் அதனைத் தாங்காது. இருப்பது சிறு துவாரம், கண்ணாடி இல்லை. செல்வர் இல்லமாகிய வளவுகளிலோ ஒளி பெரும்பாலும் உள்முற்றத்திலிருந்தே வரும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வீடு தெருவைப் பார்த்து வாய்திறவாமல், தன் வயிற்றுக்குள்ளே ஒரு துண்டு வானத்தை வைத்துக்கொண்டிருக்கும். கண்டிக் கைவினைஞரின் மரவேலைக்கும் கதவுநிலைக்கும் மாதிரி வேண்டுவோர் ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூலை நாடலாம். கண்டிக் கைத்தொழில் மரபை எழுத்திற் காத்துத் தந்தவர் ஒரு தமிழரின் மைந்தர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

இன்னுமொன்று. பஹிரவகந்தையின் உச்சியிலோ ஆதர்ஸ் சீட் என வழங்கும் மேட்டிலோ நின்று நகரைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: கண்டி இயற்கையிலேயே ஒரு மேசை. சுற்றிலும் நாம் நிற்க மலைகள். நடுவே குழிந்த தளத்தில் ஊர். அங்கிருந்து பார்ப்பவனுக்குச் சுவரைவிடக் கூரையே மிகுதியாகத் தெரியும். கண்டி மரபுக் கூரை மேலே செங்குத்தாக இறங்கி, கீழே சரிவு குறைந்து அகன்று தாழ்வாரமாக விரிவது. மழைநாட்டுக் கூரை அல்லவா? அந்தத் தாழ்வாரத்தின் நிழல் சுவரின் மேற்பாதியை விழுங்கிவிடும், யன்னலையும் விழுங்கிவிடும். ஆகவே கண்டி மேசையில் யன்னலுக்குச் செலவிடும் உழைப்பிற் பெரும்பகுதியைக் கூரையின் கீழுள்ள நிழலுக்குச் செலவிடுவதே தகும். யன்னல்களைப் பற்றிப் பேச வந்தவன் யன்னலை விடுங்கள் என்கிறானே என்று நகைக்க வேண்டாம். யன்னலைத் தெளிவாக எழுதுவது ஐரோப்பிய வீட்டிற்கு உரிய முறை. அதனை இங்கே கொண்டுவந்து பதித்தால், பிரான்ஸ் தேசத்துச் சிற்றூர் ஒன்று மகாவலிக்கரையில் வந்து அமர்ந்ததுபோல் இருக்கும்.

வீடுகள் ஆயின. வீடுகளுக்குள் யார்?

இங்கேதான் கண்டியின் வரலாறு வெல்ஸின் விதியோடு வியக்கத்தக்க வகையில் வந்து பொருந்துகிறது. 1638ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் போர்த்துக்கேயத் தளபதி தியோகோ த மெலோ தம் படையுடன் கண்டிக்குள் நுழைந்தார். ஊரில் ஆளில்லை. வெற்றூருக்குத் தீயிட்டுத் திரும்பினார். மலையிலிருந்து இறங்கி வந்த இரண்டாம் இராஜசிங்கனின் சேனை கன்னொருவையில் வழிமறித்தது. 28ஆம் திகதி அப்படை ஏறத்தாழ முற்றாக அழிந்தது. 1765 பெப்ரவரியில் ஒல்லாந்த ஆளுநர் வன் எக் கண்டியைப் பிடித்தார். ஊரில் ஆளில்லை. கொள்ளையிட்டனர், நோயும் பட்டினியும் சூழ, அவ்வாண்டே விட்டு வெளியேறினர். 1803 பெப்ரவரியில் ஆங்கிலத் தளபதி மக்டவலின் படை வந்தது. அப்போதும் ஊரில் ஆளில்லை. அரண்மனை சில இடங்களில் எரிந்துகொண்டிருந்தது.

மக்டவல் அரசுரிமை கோரிய முத்துசாமி என்பவரை அரியணையில் அமர்த்திவிட்டு, ஒரு காவற்படையை நிறுத்திச் சென்றார். மேஜர் டேவியின் தலைமையில் இருந்த அப்படை காய்ச்சலால் நலிந்தது. ஜூன் 24ஆம் திகதி கண்டியர் தாக்க, டேவி பணிந்தார். ஆற்றைக் கடக்க வழியின்றி வட்டபுலுவக் கரையில் நின்றபோது முத்துசாமியைக் கையளித்தனர், அவர் கொல்லப்பட்டார். 26ஆம் திகதி படைவீரரும் கொல்லப்பட்டனர். நகரில் விட்டுச்செல்லப்பட்ட நோயாளிகளும் தப்பவில்லை. டேவி சிறையிலே ஆண்டுகள் பல கழித்து மாண்டார்.

மூன்று படைகள், மூன்று முறையும் வெற்றூர். போர் மேசையில் ஊரைக் கைப்பற்றியவனுக்கு வெற்றிப் புள்ளி கொடுப்பது பொது வழக்கம். கண்டி மேசையில் அவ்வாறு கொடுத்தால் ஆட்டமே பொய்யாகும். ஊரைக் கைப்பற்றியவனே ஒவ்வொரு முறையும் தோற்றான். ஆகவே இம்மேசையின் வீடுகள் கெட்டியான கட்டைகளாகவே இருக்கட்டும். வெல்ஸ் வழக்கைத் தவிர்க்கச் செய்ததை நாம் வரலாற்றின் பொருட்டுச் செய்கிறோம். யன்னல்களில் எங்கேனும் மஞ்சள் விளக்கொளி தீட்ட வேண்டும் என்ற ஆசை எழும். சிறு வீட்டிற்கு அது உயிர் கொடுப்பதுபோல் தோன்றும். தீட்டலாகாது. அடுப்புப் புகையும் வேண்டாம். கதவுகள் சில திறந்தபடி இருக்கலாம். முற்றத்தில் ஓர் உரலும் கவிழ்ந்த சுளகும் கிடக்கலாம். ஆட்கள் காட்டிற்குள் இருக்கிறார்கள். மேசையின் விளிம்பிலுள்ள மரங்களுக்கு நடுவே அவர்களை நிறுத்துங்கள். வீரர்களை மட்டுமல்ல, கைக்குழந்தையோடும் நெல்மூடையோடும் வெளியேறிய மக்களையும் நிறுத்துங்கள். அவர்களும் அந்தப் போரில் இருந்தவர்களே.

எரிந்த வீட்டைத் தீட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தப் போர் மேசையும் அதனின்றி அமைவதில்லை. தொடங்குவோர் சுவர் முழுவதும் கறுப்பை அப்பிவிடுகின்றனர். தீ அவ்வாறு எழுதுவதில்லை. புகை யன்னலின் மேல்விளிம்பு வழியே வெளிப்பட்டு மேல்நோக்கிச் செல்லும். ஆகவே கரி யன்னலுக்கு மேலே நாக்குப்போற் படியும். யன்னலுக்குக் கீழே சுவர் பெரும்பாலும் முன்போலவே இருக்கும். கூரை போன வீட்டில் யன்னல் கறுப்பாகவும் தெரியாது. உள்ளே வானம் புகுந்துவிட்டதனால், அங்கே வெளிச்சம் தெரியும். சுவருக்கு அப்பால் உள்ள மரந்தெரியும். வீடு என்று நம் கண் அறிந்துகொள்ளும் அந்த இருள் போய்விடுவதே அழிந்த வீட்டின் அடையாளம்.

இதனைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுட் பலர்க்கு இது மேசை வேலையாகத் தோன்றியிராது என்பதை நான் அறிவேன். 1983 முதல் 2009 வரை இந்நாட்டில் நிகழ்ந்த போரிற் கூரையும் கதவுநிலையும் யன்னற்சட்டமும் பெயர்த்தெடுக்கப்பட்ட வீடுகளுக்குத் திரும்பி வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் கூடத்தில் இம்மேசையை விரிக்க வேண்டுமா என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்ய வேண்டும். விளையாட்டுத்தானே என்று தள்ளிவிடும் விஷயமன்று. என் கருத்தைக் கேட்டால், இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய போரை மேசையில் வைக்கலாம். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய போரை இப்போது வைக்கலாகாது.

கண்டியைச் சுற்றியுள்ள மலைநாட்டில் வேறொரு வகைக் கட்டடம் உண்டு. போர் மேசையினர் மட்டுமல்ல, சிறு இரயில் பாதை அமைப்போரும் அதனைச் செய்ய விரும்புகின்றனர். 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்னரே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. அத்தோட்டங்களில் உழைக்க வந்த நம் மக்கள் குடியமர்த்தப்பட்ட லயங்கள் அவை. நீண்ட ஒரே கூரை. அதன்கீழ் வரிசையாகக் காம்பராக்கள். காம்பரா என்ற சொல்லும் போர்த்துக்கேயம் தந்ததே. அவர்கள் மொழி நமக்கு யன்னலையும் தந்தது, காம்பராவையும் தந்தது. ஆனால் பழைய காம்பராக்களிற் பலவற்றிற்கு யன்னல் கிடைக்கவில்லை. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களில் முன்புறத்து வாயில் ஒன்றே வெளிச்சத்திற்கும் காற்றிற்கும் புகைக்கும் வழி.

இந்த லயத்தைச் சிறு வடிவிற் செய்வோர் என்ன செய்கிறார்கள்? சுவர் வெறுமையாக இருக்கிறதே என்று காம்பராவிற்கு இரண்டாக யன்னல் வரைந்து, பச்சைச் சட்டமும் இட்டு, பூந்தொட்டியும் வைத்து விடுகிறார்கள். காட்சி இனிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே பிறந்து வளர்ந்த ஒருவர் அதனைப் பார்த்தால், இது எந்தத் தோட்டத்து லயம் என்று கேட்பார். வெறுமையான சுவரை வெறுமையாகவே விட்டு, அதனை எழில்பெறச் செய்ய முடியும். தகரக்கூரை மடிப்புகளிலிருந்து வடிந்த துருவின் செம்மை, தரையிலிருந்து ஓரடி உயரத்திற்கு மழைத்துளி தெறித்த செம்மண் கறை, வாசலுக்கு மேலே அடுப்புப் புகை படிந்த கருமை, படியோரத்துப் பாசி. இவ்வளவும் தீட்டி முடிப்பதற்குள் தூரிகை தேய்ந்துவிடும். தீட்டியபின் அச்சுவர் வெறுமையாகவும் தோன்றாது. வாயிலுக்குள் உள்ள இருளை மட்டும் மற்ற எந்த வீட்டு இருளையும்விட ஆழமாகத் தீட்டுங்கள். எதிர்ப்புறத்தில் ஒளி வரும் வழி இல்லாத அறை அது.

இறுதியாக வார்னிஷ். வேலை முடிந்ததும் சுவர், கூரை, மரவேலை ஆகியவற்றிற்குப் பளபளப்பற்ற வார்னிஷும், கண்ணாடி உள்ள யன்னலுக்கு மட்டும் பளபளக்கும் வார்னிஷும் பூச வேண்டும். பளபளப்பற்றது முன்னும் பளபளப்பது பின்னுமாக. கண்டிப் பக்கத்தில் இதற்கு ஒரு தடை உண்டு. ஈரக்காற்று வீசும் நாளில் தெளிக்கும் வார்னிஷ் வெண்ணிறமாகப் பனித்து, மாதக்கணக்கில் தீட்டிய இருளையெல்லாம் ஒரு நொடியில் மூடிவிடும். பெருமழைக் காலத்தில் வேலையைப் பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள். வானம் வெளித்த ஒரு நாளின் முற்பகலில், பனி உலர்ந்தபின், முதலில் ஒரு வீணான அட்டையில் தெளித்துப் பார்த்துவிட்டுப் பிறகு வீட்டிற்குத் தெளியுங்கள். அரைமணி நேரம் அதனைத் தொடாதீர்கள்.